உளவியல் த்ரில்லர் குறும்படத்துக்கு டைட்டில் எழுத்து: மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மாணவர் குறும்படங்களில் டைட்டில் பெரும்பாலும் எடிட்டிங்கின் கடைசி இரவில்தான் முடிவாகிறது. கலர் முடிந்து, சவுண்ட் மிக்ஸ் முடிந்து, எக்ஸ்போர்ட் போடப் போகிற நேரத்தில் யாராவது "டைட்டில் எங்கே?" என்று கேட்பார்கள். இலவச ஃபான்ட் தளத்தில் ஹாரர் பிரிவைத் திறந்து, கீறல் விழுந்த எழுத்து ஒன்றை இறக்கி, சிவப்பு அடித்து, கொஞ்சம் நடுங்கவிட்டால் வேலை முடிந்தது.

பேய்ப் படத்துக்கு இது ஓரளவு ஒப்பேறும். உளவியல் த்ரில்லருக்கு ஒப்பேறாது. பேய்ப் படத்தில் ஆபத்து வெளியே இருக்கிறது, அதைப் பார்வையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டாலும் நஷ்டமில்லை. உளவியல் த்ரில்லரில் ஆபத்து ஒருவருடைய மனதுக்குள் இருக்கிறது, அந்த மனதைப் பார்வையாளர் முதலில் நம்பியாக வேண்டும். முதல் ஃபிரேமிலேயே எழுத்து "இங்கே ஏதோ சரியில்லை" என்று கூவினால், அப்புறம் கதாநாயகி சொல்வதை யார் நம்புவார்கள்?

அதனால் இந்த வழிகாட்டி ஒரே திசையில்தான் போகிறது: சாதாரணமான எழுத்து, அதில் ஒரே ஒரு பிசகு, அந்தப் பிசகு கதையிலிருந்தே வந்ததாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டுக்கு ஒரு கற்பனைப் படத்தை வைத்துக்கொள்வோம். பெயர் 'எதிர்வீடு'. தூக்கம் கெட்டுப்போன ஒரு பெண், எதிர்வீட்டில் யாரோ தான் செய்வதையெல்லாம் அப்படியே செய்வதாக நம்பத் தொடங்குகிறாள். 15 நிமிடப் படம்.

படி 1: கோளாறை ஒரு வரியில் எழுதுங்கள்

ஃபான்ட் பட்டியலைத் திறக்கும் முன் திரைக்கதையைத் திறங்கள். உங்கள் பாத்திரத்தின் மனதில் சரியாக என்ன நடக்கிறது? "அவளுக்குப் பைத்தியம் பிடிக்கிறது" என்று எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நினைவு ஓட்டை விழுகிறதா, எல்லோர் மேலும் சந்தேகமா, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறாளா, செய்த குற்றத்தை மறைத்துக்கொள்கிறாளா? ஒவ்வொன்றுக்கும் வேறு வடிவம் உண்டு. நினைவு அழிவதில் ஏதோ ஒன்று காணாமல் போகிறது. சந்தேகத்தில் தூரங்கள் மாறுகின்றன. திரும்பச் செய்வதில் பிரதிகள் பெருகுகின்றன. குற்றத்தை மறைப்பவர் அளவுக்கு மேல் ஒழுங்காக இருப்பார்.

'எதிர்வீடு' படத்துக்கு அந்த வரி: "அவளுக்கும் எதிர்வீட்டுக்கும் நடுவில் உள்ள தூரம் நாளுக்கு நாள் குறைகிறது." இதில் வினைச்சொல் 'குறைகிறது'. உங்கள் வரியிலும் வினைச்சொல்லைத் தேடுங்கள். பின்னால் எழுத்துக்கு என்ன செய்யப் போகிறோம் என்பது அதில்தான் இருக்கிறது.

படி 2: இந்த டைட்டிலை எழுதியது யார்?

இதைக் கேட்காமல் விடுவதால்தான் பாதி டைட்டில்கள் குழம்புகின்றன. திரையில் வரும் எழுத்து யாரோ ஒருவருடைய குரல். பாத்திரமே எழுதியதா, அவரைக் கவனிக்கிற வேறு ஒருவர் எழுதியதா, அல்லது எதுவும் தெரியாதது மாதிரி நிற்கிற படமே எழுதியதா?

1995இல் வந்த 'செவன்' படத்தின் தொடக்கக் காட்சியை கைல் கூப்பர் அமைத்தார். கையால் கீறிய, நடுங்குகிற எழுத்துகள். அது அழகுக்காகச் செய்ததல்ல. அந்தக் காட்சியில் கொலைகாரன் தன் நோட்டுப் புத்தகங்களைத் தயாரிக்கிறான், எழுத்தும் அவன் கையோடு சேர்ந்தது. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ படங்கள் கீறலை மட்டும் எடுத்துக்கொண்டு கையை விட்டுவிட்டன. யாருடைய கீறல் என்றே தெரியாத கீறல் வெறும் அலங்காரம்.

நேர் எதிர்ப் பக்கம் 'ரோஸ்மேரிஸ் பேபி', 1968. கட்டடங்களின் மேல் கேமரா நகர, இளஞ்சிவப்பில் வளைந்து நெளியும் கையெழுத்து பாணி எழுத்து. காதல் படம் தொடங்குவது போலத்தான் இருக்கும். அந்த எழுத்து, கதாநாயகி தன் வாழ்க்கையைப் பற்றி அப்போது நம்பிக்கொண்டிருப்பதைச் சொல்கிறது. நாமும் சேர்ந்து ஏமாறுகிறோம்.

மூன்றாவது வழி, படம் எதையும் காட்டிக்கொடுக்காமல் நிற்பது. 1980இல் வந்த 'தி ஷைனிங்' தொடக்கத்தில் நீல நிறத்தில் எளிய எழுத்துகள் கீழிருந்து மேலே நகர்கின்றன. படத்தின் முடிவில் ஓடுவது போல ஆரம்பத்திலேயே பெயர்கள் ஓடுகின்றன. எழுத்தில் எந்தக் கோரமும் இல்லை. ஆனாலும் உடம்பு லேசாக உஷாராகிறது.

மாணவர் படங்களுக்கு என் பரிந்துரை மூன்றாவது வழி, அல்லது இரண்டாவது. முதல் வழிக்குப் பாத்திரத்தின் கையெழுத்து கதையில் வேறு எங்காவது வர வேண்டும்: டைரி, மருந்துச் சீட்டின் பின்பக்கம், சுவர். வராவிட்டால் அந்தக் கை அனாதை. வரும் என்றால், நடிகரையே பேனா பிடித்து எழுதச் சொல்லுங்கள், வலது கையால், இயல்பான வேகத்தில். பயமுறுத்த வேண்டும் என்று நினைத்து எழுதிய கையெழுத்து பார்த்தவுடன் தெரிந்துவிடும். வேறு ஏதோ யோசனையில் எழுதிய எழுத்துதான் கலங்கடிக்கும்.

படி 3: தேய்ந்துபோனதை ஒதுக்குங்கள்

கசியும் ரத்தம், உடைந்த கண்ணாடி, திருப்பிப் போட்ட எழுத்து, போலீஸ் கோப்பு போன்ற தட்டச்சு எழுத்து, திரை பழுதானது போல எழுத்து துண்டு துண்டாகும் டிஜிட்டல் கிளிட்ச். இவை எல்லாம் ஒரு காலத்தில் வேலை செய்தன. இப்போது இது 'த்ரில்லர்' என்று சொல்வதோடு நின்றுவிடுகின்றன, இது எந்த த்ரில்லர் என்று சொல்வதில்லை. ஆங்கிலத் தலைப்பு வைப்பவர்கள் ட்ரேஜனையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாம். கரோல் ட்வாம்ப்ளி 1989இல் அடோபிக்காக, ரோமானியக் கல்வெட்டு எழுத்தைப் பார்த்து வடிவமைத்த அருமையான எழுத்துரு அது. பட போஸ்டர்கள் அதை விடாமல் உபயோகித்து அலுக்க வைத்துவிட்டன. எழுத்துருவின் மேல் தப்பில்லை, பாவம்.

படி 4: ஐந்தாறு எழுத்துருக்கள் போதும்

இருநூறு ஃபான்ட்களை ஸ்க்ரோல் செய்தால் கண் மரத்துப்போகும். படி 2இல் வந்த பதிலை வைத்து ஐந்தாறு மட்டும் எடுங்கள்.

தமிழில் உரிமச் சிக்கல் இல்லாமல் கிடைப்பவற்றில் சில: நோட்டோ சான்ஸ் தமிழ் எந்த முகபாவமும் இல்லாதது. நோட்டோ செரிஃப் தமிழில் தடிமனும் மெலிவும் மாறி மாறி வரும், கொஞ்சம் கண்டிப்பான முகம். டைரோ தமிழ் அச்சுப் புத்தகத்தை நினைவூட்டும். ஹிந்த் மதுரை, முக்தா மலர் இரண்டும் செயலிகளிலும் இணையதளங்களிலும் புழங்குகிற மாதிரி சுத்தமானவை. அனேக் தமிழ் ஒரே எழுத்துருவுக்குள் தடிமனையும் அகலத்தையும் நகர்த்திப் பார்க்க விடும். இறுக்கம், மூச்சுத் திணறல் பற்றிய கதைக்கு ஒடுங்கிய வடிவம் நல்ல தொடக்கம். கவிவாணர் சாய்ந்த, கையெழுத்துச் சாயல் உள்ளது. பலூ தம்பி உருண்டையான, செல்லமான எழுத்து. த்ரில்லருக்கு எப்படி என்று கேட்பீர்கள். கதை ஒரு குழந்தையின் பார்வையில் நடந்தால் அதைவிட அச்சமூட்டுவது வேறில்லை.

பொதுவாக, தடிமன் மாறாத எளிய எழுத்து உணர்ச்சியை மறைக்கும், அதனால் சந்தேகக் கதைக்குப் பொருந்தும். முடி மாதிரி மெல்லிய கோடும் கனத்த கோடும் சேர்ந்த எழுத்து அழகாகவும் ஆபத்தாகவும் இருக்கும். ஆனால் அந்த மெல்லிய கோடு வீடியோ கம்ப்ரெஷனில் அறுந்துபோகும். 1080 உயரமுள்ள ஃபிரேமில் எந்தக் கோடும் 3 பிக்ஸலுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

'எதிர்வீடு' படத்துக்கு நான் நோட்டோ சான்ஸ் தமிழின் நடுத்தரத் தடிமனை எடுப்பேன். வீட்டு வாசலில் ஒட்டிய பெயர்ப் பலகை போல, எதுவும் சொல்லாத எழுத்து.

படி 5: உங்கள் தலைப்பின் எழுத்துகளைப் பாருங்கள்

ஆங்கில டைட்டில் டுடோரியல்களை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருவதில்தான் பெரிய சறுக்கல். உளவியல் த்ரில்லர் என்றதும் எல்லோரும் செய்வது, பெரிய எழுத்துகளை விலக்கி விலக்கி வைப்பது. லத்தீன் பெரிய எழுத்துகள் தனித்தனியாக, ஒரே உயரத்தில் நிற்கும், விலக்கினாலும் வார்த்தை பிழைக்கும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. கொம்பும் காலும் மெய்யோடு ஒட்டி நின்றால்தான் எழுத்து. டிராக்கிங்கை, அதாவது எழுத்துகளுக்கு இடையே உள்ள இடைவெளியை, கண்டபடி கூட்டினால் சில மென்பொருள்களில் 'கொ' மூன்று துண்டாகப் பிரிந்து, ஒற்றைக் கொம்பு தனியாக அலையும். இடைவெளி வேண்டும் என்றால் எழுத்துகளைக் கோட்டுருவமாக, அதாவது தட்டச்சு எழுத்தாக இல்லாமல் வரைந்த வடிவமாக, மாற்றிவிட்டு, உயிர்மெய்யை ஒரே துண்டாக வைத்துக் கையால் நகர்த்துங்கள்.

அடுத்தது உயரம். 'தி', 'வீ' மேலே சுழியோடு எழும்பும், 'டு', 'மு' கீழே இறங்கும். அதனால் தமிழ்த் தலைப்பின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் சீராக இருக்காது. இது குறையல்ல. இந்த மேடுபள்ளம்தான் உங்கள் தலைப்பின் அடையாளம், இதை வைத்து விளையாடலாம். ஆனால் திரையில் நடுவில் வைக்கும்போது மென்பொருள் சொல்லும் நடு கண்ணுக்கு நடுவாகத் தெரியாது. கண்ணை நம்பி நகர்த்துங்கள்.

ரொம்பக் கனத்த தடிமன் எடுத்தால் 'ண', 'ஞ', 'னை' போன்றவற்றில் சுழிகளுக்குள் உள்ள வெளி அடைபட்டுவிடும். தலைப்பில் சுழி அதிகம் என்றால் ஒரு படி மெலிந்த தடிமனே நல்லது.

இன்னொரு எச்சரிக்கை. 'மறைந்துபோகும் நினைவு' என்று சொல்லிப் புள்ளியையோ சுழியையோ அழிக்க ஆசை வரும். 'எதிர்வீடு' என்பதில் வீயின் சுழியை அழித்தால் அது 'எதிர்விடு' ஆகிவிடும். புள்ளியை எடுத்தால் எழுத்துப்பிழை என்றே நினைப்பார்கள். முழு வடிவத்தைச் சில விநாடிகள் காட்டிவிட்டு அப்புறம் அழித்தால் மட்டும் அது வேலை செய்யும்.

மென்பொருள் விஷயம் சுருக்கமாக. அடோபியின் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், பிரீமியர் பதிப்புகள் பலவற்றில் தெற்காசிய மொழிகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சினை அமைப்புகளில் தேர்ந்தெடுத்தால்தான் கொம்புகள் சரியான இடத்தில் உட்காரும். அதோடு போராட விருப்பமில்லை என்றால் இன்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் தட்டச்சு செய்து, எழுத்தை வளைகோடுகளாக மாற்றி, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி கோப்பாகவோ பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகவோ எடிட்டுக்குக் கொண்டுபோங்கள். பாமினி போன்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் செய்தீர்கள் என்றால் இது கட்டாயம். அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் உங்கள் டைட்டில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்.

படி 6: ஒரே ஒரு பிசகு

இப்போது படி 1இல் எழுதிய வினைச்சொல்லுக்குத் திரும்புங்கள். 1960இல் வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்துக்கு டைட்டில் அமைத்தவர் சால் பாஸ். எழுத்து சாதாரணமான, தடித்த, அலங்காரமில்லாத எழுத்துதான். அதைக் குறுக்கே வெட்டி, துண்டுகளை இடம் மாற்றிவிட்டார். சாம்பல் நிறக் கோடுகள் வந்து போகின்றன, எழுத்து சேர்கிறது, பிளக்கிறது. கதை பிளவுபட்ட மனதைப் பற்றியது, எழுத்தும் பிளக்கிறது. அதற்கு மேல் ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை.

உங்களுக்கும் ஒரு செயல் போதும். சாத்தியங்கள் நிறைய: ஓர் எழுத்து மட்டும் மற்ற எழுத்துகள் நிற்கும் வரிசையிலிருந்து 4 பிக்ஸல் இறங்கி இருக்கலாம், இரண்டு முறை வரும் ஒரே எழுத்தில் ஒன்று வேறு தடிமனில் இருக்கலாம், தலைப்பின் நிழல் தலைப்பைவிடத் தாமதமாக வரலாம். எதைச் செய்தாலும் மற்றதெல்லாம் கறாராக ஒழுங்காக இருக்க வேண்டும். ஐந்து பிசகு செய்தால் அது பிசகு இல்லை, பாணி. பார்வையாளர் பத்து நொடியில் அதற்குப் பழகிவிடுவார்.

'எதிர்வீடு' படத்துக்கு: 'எதிர்' இடதுபக்கம், 'வீடு' வலதுபக்கம், நடுவில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக இடைவெளி. டைட்டில் திரையில் நிற்கும் 5 விநாடியில் 'வீடு' மட்டும் 12 பிக்ஸல் இடதுபக்கம் நகர்கிறது. பெரும்பாலோர் கவனிக்க மாட்டார்கள், ஏதோ உறுத்தியது என்று மட்டும் சொல்வார்கள். படம் முடிந்ததும் அதே டைட்டில் மீண்டும் வருகிறது. இப்போது இரண்டு பாதியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன.

எவ்வளவு நகர்த்துவது என்பதற்குச் சூத்திரம் இல்லை. முதலில் உங்களுக்கே தெளிவாகத் தெரியும் அளவு நகர்த்துங்கள், அப்புறம் அதைப் பாதியாக்குங்கள். நீங்கள் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்து பார்க்கிறீர்கள், பார்வையாளர் தெரியாமல் பார்க்கிறார். அதனால் பாதிக்குக் கீழே போக வேண்டாம்.

படி 7: இடமும் அளவும்

1920க்கு 1080 ஃபிரேமில் எழுத்து விளிம்பிலிருந்து குறைந்தது 5 சதவீதம் உள்ளே இருக்கட்டும். அதாவது பக்கங்களில் 96 பிக்ஸல், மேலும் கீழும் 54. உயரத்தைப் போல 2.39 மடங்கு அகலமுள்ள அகலத்திரை வடிவம் என்றால் உண்மையான படம் சுமார் 803 பிக்ஸல் உயரம்தான், மேலும் கீழும் கறுப்புப் பட்டை. படத்தின் பகுதியை அளவாக வைத்துத்தான் டைட்டிலை இடுங்கள், முழு ஃபிரேமை வைத்து அல்ல.

பெரிய எழுத்து அறிவிப்பு மாதிரி இருக்கும். சின்ன எழுத்து பார்வையாளரை முன்னால் சாய வைக்கும். இந்த வகைப் படத்துக்கு நான் சின்னதன் பக்கம். நடுவில் வைப்பதைவிட, காட்சியில் யாராவது நிற்க வேண்டிய வெற்றிடத்தில் வைத்துப் பாருங்கள்.

படி 8: நிறம்

கறுப்பின் மேல் சிவப்பு வேண்டாம் என்பதற்கு ரசனையைத் தாண்டி ஒரு தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. இணையத்துக்குப் போகும் வீடியோ வழக்கமாக 4:2:0 முறையில் சுருக்கப்படுகிறது. வெளிச்ச விவரம் ஒவ்வொரு பிக்ஸலுக்கும் தனியாக இருக்கும், நிற விவரம் நான்கு பிக்ஸலுக்கு ஒன்றுதான். எச்டி வீடியோவின் கணக்கில் தூய சிவப்பின் பங்கு வெளிச்சத்தில் 21 சதவீதம்தான். ஆக, கறுப்பின் மேல் சிவப்பு எழுத்தின் விளிம்பை நிற விவரமே பெரும்பாலும் தாங்குகிறது, அதுவோ மங்கலானது. எடிட் அறையில் கத்தி மாதிரி இருந்த எழுத்து அப்லோட் ஆனதும் பிசுபிசுக்கும்.

தூய வெள்ளையும் இருட்டு அரங்கில் கண்ணைக் குத்தும், ஓரங்கள் ஒளிவிட்டுப் பரவும். 0 முதல் 255 வரை போகும் வெளிச்ச அளவில் 255க்குப் பதில் 225 வையுங்கள். இன்னும் நல்ல வழி, படத்தின் ஒரு முக்கியக் காட்சியிலிருந்தே நிறத்தை எடுப்பது: ஜன்னல் திரைச்சீலை, தெருவிளக்கின் மஞ்சள். எழுத்துக்குப் பின்னால் மெல்லிய ஒளி வட்டம் வைத்தால் 8 பிட் வீடியோவில் அது வளையம் வளையமாகப் படியும். ஃபிலிமில் தெரிவது போன்ற லேசான பொடிப்புள்ளிகளை (கிரெய்ன்) சேர்த்தால் மறையும்.

படி 9: நேரம், அசைவு, ஒலி

டைட்டிலை மெதுவாக இரண்டு முறை வாய்விட்டு வாசியுங்கள். அவ்வளவு நேரமாவது திரையில் நிற்க வேண்டும். சின்னத் தலைப்புக்கு 4 முதல் 5 விநாடி, அதாவது விநாடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் 96 முதல் 120 ஃபிரேம். ஃபேட், அதாவது எழுத்து மெல்லத் தோன்றி மெல்ல மறைவது, பழைய முறைதான், ஆனால் உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே வேகத்தில் இருந்தால் தூங்க வைக்கும். மெதுவாக வரட்டும், வெட்டென்று போகட்டும்.

மின்னல் போல விட்டுவிட்டு எரிய வைக்க நினைத்தால், விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிட வேண்டாம். வலிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

டைட்டிலை எங்கே வைப்பது? முதல் ஃபிரேமில்தான் என்று கட்டாயமில்லை. முதல் காட்சி ஒன்றை நம்ப வைத்து, அந்த நம்பிக்கையில் முதல் விரிசல் விழுந்த கணத்தில் வெட்டி டைட்டிலைப் போட்டால், எழுத்து செய்ய வேண்டிய வேலையில் பாதியைக் காட்சியே செய்துவிடும். அங்கே 'டம்' என்று பெரிய ஒலி போடுவதற்குப் பதில், அந்தக் காட்சியின் ஏதாவது ஒரு சாதாரணச் சத்தத்தை, ஃபேன், குழாய்ச் சொட்டு, டைட்டில் மேல் தொடர விடுங்கள்.

படி 10: சோதனை

இதற்குத் தயவுசெய்து உங்கள் குழுவைப் பயன்படுத்தாதீர்கள், அவர்களுக்குக் கதை தெரியும். கதை தெரியாத நான்கைந்து பேரிடம் டைட்டில் கார்டை மட்டும் காட்டுங்கள். இரண்டே கேள்விகள்: "என்ன எழுதியிருந்தது?" "இது எப்படிப்பட்ட படம் என்று நினைக்கிறீர்கள்?" முதல் கேள்விக்கு யாராவது தடுமாறினால் எழுத்தை மாற்றுங்கள், விவாதமே வேண்டாம். இரண்டாவது கேள்விக்கு எல்லோரும் உடனே "பேய்ப் படம்" என்றால் அதிகமாகப் போய்விட்டீர்கள். "குடும்பப் படம் மாதிரி... ஆனா என்னவோ..." என்று யாராவது இழுத்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

பிறகு எக்ஸ்போர்ட் செய்த கோப்பை மூன்று இடங்களில் பாருங்கள்: ஃபோனில் வெளிச்சம் குறைத்து, பழைய ப்ரொஜெக்டரில், இணையத்தில் ஏற்றி 480 தரத்தில். ப்ரொஜெக்டரில் கறுப்பு சாம்பலாகும், மெல்லிய எழுத்து கரைந்துபோகும். அங்கே தாக்குப்பிடித்தால் எங்கேயும் தாக்குப்பிடிக்கும். தம்ப்நெயில் அளவுக்குச் சுருக்கியும் ஒருமுறை பாருங்கள். படம் தேடுபவர்கள் அந்த அளவில்தான் முதலில் பார்ப்பார்கள்.

படி 11: உரிமமும் கோப்பும்

இலவசமாக இறங்கும் ஃபான்ட் எல்லாம் படத்தில் போட அனுமதி உள்ளது என்று அர்த்தமில்லை. 'சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று சொல்லும் எழுத்துருவை விழாவுக்குப் போகும், விளம்பர வருமானம் வரும் படத்தில் போட்டால் பின்னால் தலைவலி. மேலே சொன்ன தமிழ் எழுத்துருக்கள் எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வருபவை, படத்திலும் போஸ்டரிலும் வணிகரீதியாகவும் பயன்படுத்தலாம், நன்றி கார்டு போடச் சொல்லிக் கட்டாயமும் இல்லை. உரிமக் கோப்பை ஃபான்டோடு சேர்த்து ப்ராஜெக்ட் ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.

முடிந்த டைட்டிலை மூன்று வடிவத்தில் சேமியுங்கள்: திருத்தக்கூடிய மூலக் கோப்பு, கோட்டுருவமான எஸ்விஜி, பின்னணி இல்லாத பிஎன்ஜி. போஸ்டர் செய்பவருக்கு எஸ்விஜியைக் கொடுங்கள். அவர் அதே தலைப்பை வேறு எழுத்துருவில் புதிதாக அடித்துவிடாமல், டைட்டிலின் எந்த நிலையைப் போஸ்டரில் போட வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். 'எதிர்வீடு' என்றால் தொடக்கத்தில் வரும் நிலை, இடைவெளியோடு. தொட்டுக்கொண்டு நிற்பதை வெளியே காட்டிவிடக் கூடாது.